எட்டும் உயரத்தில் ஓர் ஆணி

ஆவணி 27, புதன்

இன்று எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. காலையில் எழுந்தபோது அப்படியொரு எண்ணமே இல்லை. நாவல்பழம் தின்னத்தான் காட்டோரம் வரை வந்தேன்.

வாயெல்லாம் ஊதா நிறமாகத் தின்றுகொண்டிருந்தபோது ஓர் அம்பு பறந்து வந்து என் காதுக்கு இரண்டு விரல்கடை தள்ளிக் கிளையில் குத்தி நின்றது. எட்டிப் பார்த்தால் கீழே குதிரை, குடை, கொம்பு ஊதுகிறவர்கள் என்று ஒரு படையே நிற்கிறது. பூவரசங்கோட்டை அரசர் தன் மூன்று மகன்களையும் ஆளுக்கோர் அம்பு விடச் சொன்னாராம். அம்பு விழுகிற இடத்தில் இருப்பவள்தான் மருமகளாம். பெரியவன் அம்பு அமைச்சர் வீட்டு முற்றத்தில் விழுந்தது. நடுவுள்ளவன் அம்பு முத்து வணிகர் வீட்டு மாடியில் விழுந்தது. எவ்வளவு பார்த்துப் பார்த்து விழுந்திருக்கின்றன! கடைக்குட்டி சேந்தனின் அம்பு மட்டும் ஒரு குரங்குக்குப் பக்கத்தில் விழுந்தது. அந்தக் குரங்கு நான்.

நான் குரங்கு இல்லை என்பதை இந்த ஓலையில் மட்டும் எழுதி வைக்கிறேன். என் பெயர் தும்பை, வயது பத்தொன்பது. மந்திமலைப் பெண்கள் மலையை விட்டு இறங்கினால் குரங்குத் தோலைப் போட்டுக்கொண்டுதான் இறங்குவோம்.

கூட்டம் சிரித்தது. அரசர், "இன்னொரு அம்பு விடுடா" என்றார். சேந்தன் கேட்கவில்லை. மரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தான்.

"அடி ஏதும் பட்டுச்சா? மன்னிச்சுக்கோ. உனக்குச் சம்மதம்னா மட்டும் இறங்கி வா."

ஒரு குரங்கிடம் சம்மதம் கேட்கிற மனிதனை நான் அதுவரை கண்டதில்லை. தொண்டையில் கொட்டை சிக்கியதால் தலையை ஆட்டினேன், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். பிறகு ஏன் இறங்கினாய் என்றால், அந்த மரத்தில் பழம் தீர்ந்துவிட்டது.

ஆவணி 28, வியாழன்

பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்கு நானே எழுதிக்கொள்கிறேன். எங்கள் வழக்கப்படி கீழ்நாட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு ஒரு மண்டலம் தவணை உண்டு. நாற்பத்தெட்டாம் நாள் அவளே தன் கையால் தோலைப் புகுந்த வீட்டு வாசலில் மாட்டினால் அங்கேயே இருந்துவிட்டாள் என்று பொருள். மாட்டாவிட்டால் போட்டுக்கொண்டு நடையைக் கட்டலாம். அதற்குள் கட்டியவன் "தோலைக் கழட்டு" என்று வாய்விட்டுக் கேட்டால் அன்றைக்கே புறப்பட்டுவிட வேண்டும்.

தோல் போனால்தான் ஆபத்து. மலைக்குப் போகும் பாதை தோல் போட்டவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அது எரிந்தால் என் அம்மாவை இனிப் பார்க்க முடியாது.

ஆகவே நாற்பத்தெட்டு நாள் அரண்மனைச் சாப்பாடு, அப்புறம் கிளம்பல். இதுதான் திட்டம்.

ஆவணி 31, ஞாயிறு

தோலுக்குள் வேர்த்துக் கொட்டுகிறது.

இன்று முதல்முறையாக அவனிடம் பேசினேன். சாம்பாரில் உப்பு இல்லை, எத்தனை நாள் பொறுப்பது? "உப்பு" என்றேன். பரிமாறுகிறவர் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போனார். சேந்தன் எழுந்துபோய் உப்புக் கிண்ணத்தை எடுத்து வந்து என் இலையோரம் வைத்தான். "எனக்கும் கம்மியாத்தான் பட்டுச்சு. வாயைத் திறந்து சொல்ல ஆளில்ல" என்றான்.

புரட்டாசி 4, வியாழன்

அரசருக்குப் பிறந்தநாள். மூன்று மருமகள்களும் ஆளுக்கொன்று சமைக்க வேண்டும் என்று ஆணை. இந்த மனிதருக்கு ஆணையிடாவிட்டால் சோறு இறங்காது போலிருக்கிறது.

பெரியவன் மனைவி வடிவு, அமைச்சர் மகள், அதிரசம் சுட்டாள். நல்லவள்தான், ஆனால் தனக்குத் தெரிந்ததுதான் உலகம் என்று நினைப்பவள். "நீ சும்மா இரும்மா, உன் பேர்ல ரெண்டு வாழைப்பழம் வச்சிடுறேன்" என்றாள் என்னிடம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

கொல்லைப்புறச் சின்ன அடுப்படியில் போய்த் தாழிட்டுக்கொண்டேன். தோலோடு அடுப்பருகே நின்றால் ரோமம் பற்றிக்கொள்ளும், அதனால் கழற்றி மூலையில் வைத்தேன். பலாக்கொட்டைக் குழம்பு வைத்தேன், அம்மா வைக்கிற மாதிரி, மிளகு தூக்கலாக. பாட்டு வேறு பாடினேன். சன்னலுக்கு வெளியே ஏதோ தட்டுப்பட்டுப் பானை உருண்டு உடைந்தது. பூனையாக இருக்கும்.

அரசர் விரலை நக்கி, இலையையும் நக்கப் போய், எல்லோரும் பார்க்கிறார்கள் என்று நிறுத்திக்கொண்டார். சேந்தன் மட்டும் சாப்பிடவே இல்லை. கையில் கட்டைவிரல் அளவு காயம், பானை ஓடு கிழித்ததாம். என்னைப் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக இருந்தான்.

புரட்டாசி 6, சனி

சேந்தனுக்கு இருமல் பிடித்திருக்கிறது. அறைக்குள் நுழையுமுன் வாசலில் நின்று நாலைந்து முறை இருமுகிறான். அதுவும் ஒருவிதத்தில் வசதிதான், அவன் இருமி முடிப்பதற்குள் நான் தோலை மாட்டிக்கொள்கிறேன். ஆனாலும் பார்க்கப் பாவமாக இருந்ததால் சுக்கும் திப்பிலியும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தான்.

புரட்டாசி 9, செவ்வாய்

இருமல் நிற்கவில்லை. கஷாயத்தில் ஆடாதோடை சேர்த்தேன். கண்ணில் தண்ணீர் வரக் குடித்தான்.

புரட்டாசி 12, வெள்ளி

எனக்குக் கண்ணாடி வளையல் வாங்கி வந்திருக்கிறான். குரங்குக் கைக்கு இதை எப்படிப் போடுவது? உள்ளே இருக்கும் என் நிஜக் கைக்குத்தான் கச்சிதமாக இருக்கிறது. அளவு தெரியாமல் வாங்கிய முட்டாள். போன வாரம் நீளக் கூந்தலுக்கான தந்தச் சீப்பு ஒன்றையும் "யாருக்காவது ஆகும்" என்று பலகையில் வைத்துவிட்டுப் போனான்.

வளையல் பச்சை நிறம். சும்மா போட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்.

புரட்டாசி 18, வியாழன்

மத்தியானம் சாப்பாட்டின்போது வடிவு ஒரு கதை சொன்னாள். குரங்கைக் கட்டிய இளவரசன், குரங்குத் தோலைத் திருட்டுத்தனமாக எரித்தானாம். உள்ளிருந்து தங்கச்சிலை போல ஒரு பெண் வந்தாளாம். ஊரே சந்தோஷமாக வாழ்ந்ததாம். எல்லோரும் கை தட்டினார்கள். வடிவு என்னையே குறுகுறுவென்று பார்த்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அறைக்கு வந்ததும் சேந்தன் கேட்டான். "உங்க பக்கம் இந்தக் கதை உண்டா?"

"உண்டு. எங்க பக்கம் இது பேய்க்கதை" என்றேன்.

சொன்னேன். வெறும் கதையாகத்தான் சொன்னேன். "தோலைக் கழட்டு" என்று கட்டியவன் கேட்டாலே அவள் அன்றைக்கே மலையேறிவிட வேண்டும், இவன் கேட்காமலே எரித்துவிட்டான். எரித்த பிறகு அந்தப் பெண் தினமும் சாயங்காலம் காட்டோரம் போய் நின்று பாதையைத் தேடினாள். அவள் அம்மா மேலே நின்று கூப்பிடுவது கேட்கும், வழி மட்டும் தெரியாது. எங்கள் பிள்ளைகள் இதைக் கேட்டால் பாயில் மூத்திரம் போய்விடும். ஒரு மண்டலம் பொறுத்திருந்தால் அவளே தோலை வாசலில் மாட்டியிருப்பாளோ என்னவோ, அவன்தான் பொறுக்கவில்லை.

"மாட்டிட்டா அப்புறம் நினைச்சபோது எடுத்துப் போட்டுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போகலாம்ல?"

"எங்கே? புகுந்த வீட்டுக்காரங்க ஆணியை நிலைக்கு மேலே அடிப்பாங்க. ஏணி இல்லாம எட்டாது. ஏணி கேட்டா, எதுக்குன்னு ஆயிரம் கேள்வி. எங்க சித்தி அப்படித்தான் மாட்டினா. பன்னெண்டு வருஷமாச்சு, இன்னும் வரல."

சித்தியைப் பற்றிச் சொல்லியிருக்கக் கூடாது. கதையில் ஏது சித்தி? நல்லவேளை, அவன் கவனிக்கவில்லை. எழுந்துபோய் வாசல் நிலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

புரட்டாசி 19, வெள்ளி

காலையிலிருந்து டொக்கு டொக்கென்று சத்தம். இளவரசனே சுத்தியல் பிடித்து எங்கள் அறை வாசலோரம் ஆணி அடிக்கிறான். அதையாவது ஒழுங்காக அடித்தானா? அவன் மார்பளவுதான் வருகிறது. இவ்வளவு தாழ்வாக அடித்தால் இவன் தலைப்பாகை தரையில் புரளும். சொன்னேன், சிரித்தான்.

ஐப்பசி 1, புதன்

மழை. இன்னும் பன்னிரண்டு நாள். நாள் எண்ணுவது மலையை நினைத்துத்தான். வேறு எதற்கு?

ஐப்பசி 3, வெள்ளி

எழுத்து கோணுகிறது.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள். தோலை அறையிலிருந்த நெற்குதிருக்குப் பின்னால் மறைத்து வைத்துவிட்டுக் கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தேன். ரோமம் கருகும் வாடை வந்தது. ஈரச் சேலையைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். வெந்நீர் அடுப்பின் முன்னால் சேந்தன் குந்தியிருந்தான், அவன் மடியில் என் தோல். வால் நுனியில் புகை. வடிவு தூணைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள், என்மேல் இரக்கம் போலும்.

நான் அவனை என்னவெல்லாம் திட்டினேன் என்று எழுத ஓலை போதாது. நம்பினேன் என்றேன். உப்பு எடுத்துக் கொடுத்தவன் என்று நம்பினேன், நீயும் கதை கேட்டு வளர்ந்த கீழ்நாட்டான்தான் என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கக்கூடத் துணியவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, தோலை இடது கையால் நீட்டினான்.

"வால் மட்டும்தான். மத்ததெல்லாம் நல்லா இருக்கு. நான் எதையும் பார்க்கல" என்றான்.

பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு அழுகை அடங்கவில்லை. தோலுக்காக அழுகிறேனா என்று தெரியவில்லை.

ஐப்பசி 4, சனி

காலையில் யாரிடமும் சொல்லாமல் தோலைப் போட்டுக்கொண்டு காட்டோரம் போனேன். வால் நுனி கருகிவிட்டதே, பாதை தெரியுமா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தெரிந்தது. நாவல் மரத்துக்குப் பின்னால், மழையில் நனைந்து, பளிச்சென்று மேலே போனது. பத்தடி ஏறினேன்.

சீப்பை மறந்துவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பி வந்துவிட்டேன். தந்தச் சீப்பு, விட முடியுமா?

ஐப்பசி 5, ஞாயிறு

அவன் இடது கையால் சாப்பிடுகிறான். மரியாதை தெரியாதவன்.

ஐப்பசி 6, திங்கள்

வடிவு வந்து என் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"நான்தான்டி போட்டேன். குதிருக்குப் பின்னாடி இருந்ததைப் பார்த்தேன், எடுத்து அடுப்புல போட்டேன். கதையில நல்லாத்தானே முடியுது! உனக்கு நல்லது பண்றேன்னு நினைச்சேன். கொழுந்தனார் எங்கிருந்தோ ஓடிவந்து வெறுங்கையை நெருப்புல விட்டு எடுத்தார். சொல்லாதீங்க மதினி, அவ உங்களை வெறுத்துடுவா, அவளுக்கு இங்க இருக்கிற ஒரே தோழி நீங்கதான்னார். என்னால முடியலடி."

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் தலைகீழாகப் புரண்டது. இடது கை. முதுகுக்குப் பின்னால் மறைத்த வலது கை. மூடிய கண். வளையல். சீப்பு. ஐயோ, அந்த இருமல்!

ஒரு மாதமாக அவனுக்கு ஆடாதோடைக் கஷாயம் கொடுத்திருக்கிறேன்.

வடிவை அடிக்கத்தான் கையை ஓங்கினேன். அவள் அழுத அழுகையில் மூக்கு ஒழுகியது, சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துவிட்டேன்.

ஐப்பசி 7, செவ்வாய்

வாசலில் இருமல் கேட்டது. தோல் பக்கத்தில்தான் இருந்தது. போட்டுக்கொள்ளவில்லை. பச்சை வளையலைப் போட்டுக்கொண்டேன்.

"இருமாதே. உள்ளே வா" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டே உள்ளே வந்து குதிரில் முட்டிக்கொண்டான்.

"திறக்கலாம்" என்றேன்.

திறந்தான். முட்டிய நெற்றியைத் தேய்த்துக்கொண்டே பார்த்தான்.

"எப்போ தெரியும்?"

"பலாக்கொட்டைக் குழம்பு அன்னிக்கு. பாட்டுச் சத்தம் கேட்டு வந்தேன். பானையை உதைச்சது நான்தான்."

"ஏன் கேட்கலை?"

"முதல்ல, நீயா சொல்லுவேன்னு காத்திருந்தேன். அப்புறம், கேட்டவன் கெட்டான்னு நீதானே கதை சொன்னே."

கையைக் காட்டச் சொன்னேன். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். சோற்றுக்கற்றாழையை அறுத்துப் பூசிவிட்டேன்.

"அந்த அம்பை எதைப் பார்த்து விட்டே?" என்று கேட்டேன்.

"எந்தப் பொண்ணு வீட்லயும் விழக் கூடாதுன்னு காட்டைப் பார்த்து விட்டேன். கல்யாணமே வேண்டாம்னு இருந்தேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவன் முகம் சுருங்கிவிட்டது. "இன்னும் ஆறு நாள்" என்றான். இரு என்று சொல்லமாட்டான், சொல்லக் கூடாதென்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மாட்டியவள் எவளும் இதுவரை அம்மாவிடம் திரும்பி வந்ததில்லை. மாட்டாவிட்டால் இவன் இல்லை.

"ஒண்ணு கேக்கலாமா? தோலைப் பத்தி இல்ல" என்றான்.

"கேளு."

"சனிக்கிழமை தீபாவளி. அண்ணன்மாருக்கெல்லாம் மாமனார் வீட்டுல இருந்து வண்டி வருது. எனக்கும் தலைதீபாவளிதானே? உங்க வீட்டுல என்னைக் கூப்பிட மாட்டாங்களா?"

எங்கள் மலையில் இதுவரை ஒரு மாப்பிள்ளையும் இதைக் கேட்டதில்லை. பாதை தெரியாதவனை எப்படிக் கூட்டிப்போவது என்று ஒரு வழக்கமும் இல்லை. கூட்டிப்போகக் கூடாது என்றும் இல்லை.

ஐப்பசி 9, வியாழன்

வடிவு வீட்டு வண்டி வந்து போய்விட்டது. சேந்தன் பழைய கருப்புக் கம்பளி ஒன்றை எடுத்துக்கொண்டு அறையைத் தாழிட்டுக்கொண்டிருக்கிறான். ஊசி குத்தி "ஆ" என்று கத்துவது வெளியே கேட்கிறது.

ஐப்பசி 10, வெள்ளி

ஒரு குரங்கு வெளியே வந்தது. ஒரு கண் நெற்றியில் இருந்தது, மற்றது கன்னத்தில். காது ஒன்றுதான், இன்னொன்றுக்குக் கம்பளி போதவில்லையாம். "உங்க ஊருக்கு வரும்போது முறையா வரணும்ல" என்றது அந்தக் குரங்கு. நான் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அரசர் எதிரே வந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல என் மகன் எது?" என்றார். பிறகு மாப்பிள்ளை வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு கூடை அதிரசம் கொடுத்து அனுப்பினார்.

நாவல் மரத்தடியில் பாதை எனக்குத் தெரிந்தது, அவனுக்கு வெறும் புதர்தான். "என் வாலைப் பிடிச்சுக்கோ. விட்டுடாதே" என்றேன். கருகிய நுனியைக் கொப்புளக் கையால் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நடந்தான். மூன்று முறை மரத்தில் முட்டினான். ஒருமுறைகூட விடவில்லை.

எனக்கு இவனைப் பிடித்திருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஐப்பசி 11, சனி. தீபாவளி

மலையே கூடிவிட்டது. தலைதீபாவளி மாப்பிள்ளைக்கு மாமியார்தான் தலையில் எண்ணெய் வைக்க வேண்டும். மணையில் கம்பளிக் குரங்கு உட்கார்ந்திருக்க, அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"எண்ணெய் வைக்கணும். தலையைக் கழட்டுங்க மாப்ள."

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கேட்கவே கூடாத கேள்வி, கேட்டவள் என் அம்மா!

"அத்தே, இதை நீங்க கேக்கக் கூடாதாமே. நானாத்தான் கழட்டணுமாம்" என்றான் சேந்தன், பணிவாக.

அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சித்தி போனபிறகு பார்த்ததில்லை. அவன் தானாகவே கழற்றினான், மயிரெல்லாம் கம்பளிப் பஞ்சு.

பிறகு தனியாக என்னைக் கேட்டாள். "இங்க இருந்துடுறியா, திரும்பிப் போறியா?"

"போறேம்மா. அங்க வாசல்ல ஒரு ஆணி இருக்கு" என்றேன்.

அம்மாவின் முகம் விழுந்தது. எவ்வளவு உயரம் என்று கேட்டாள். கையை என் தோளருகே வைத்துக் காட்டினேன். அம்மா அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் எழுந்துபோய் மாப்பிள்ளைக்கு இன்னும் ஒரு கரண்டி பலாக்கொட்டைக் குழம்பு ஊற்றினாள்.

ஐப்பசி 13, திங்கள்

நாற்பத்தெட்டாம் நாள். சேந்தனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தோலை ஆணியில் மாட்டினேன். கையை நீட்டிப் பார்த்தேன், எட்டியது. எடுத்தேன். மறுபடி மாட்டினேன். இப்படி நான்கு தடவை செய்தேன், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பொங்கலுக்கு அம்மாவைப் பார்க்கப் போக வேண்டும். சித்தி இருக்கும் ஊர் எது என்று விசாரிக்க வேண்டும், போகும்போது சுத்தியலும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாசலில் இருமல் கேட்கிறது. இப்போது எதற்கு இருமுகிறான்? இனி நிஜமாகவே இருமினாலும் நான் நம்பப் போவதில்லை. எதற்கும் கஷாயம் போட்டு வைத்திருக்கிறேன்.